சீல் கிழிந்த மெஷின்

அந்த வருஷம் மழை பொய்த்ததால் ஜுருவாசு ஆறு வற்றிப்போய், படகு வர வேண்டிய வழியெல்லாம் சேறாகக் கிடந்தது. மாநிலத் தேர்தல் அதிகாரி இவனேய்டி ஓட்டு மெஷினை நாலு பேர் தோளில் ஏற்றி, முழங்கால் சேற்றில் தானும் கூடவே நடந்து, விடியற்காலையில் போகா டோ ஜாகு கிராமத்துக்கு வந்து சேர்ந்தாள்.

இந்த ஊருக்குத் தனி வாக்குச்சாவடி கேட்டு அவள் மேலதிகாரிகளிடம் ரெண்டு வருஷம் மல்லுக்கட்டியிருந்தாள். அதுவரை ஊர்க்காரர்கள் ஓட்டுப்போட வேண்டுமென்றால் போக வர ஒரு நாள் படகுப் பயணம். நடக்க முடியாதவர்கள் போனதே இல்லை. இப்போது மரக்கால்கள்மேல் உயர்த்திக் கட்டிய பள்ளிக்கூடத்துப் படிக்கட்டுமேல் பலகைச் சரிவு போட்டாகிவிட்டது. வாசலில் வரிசையும் சேர்ந்துவிட்டது.

வரிசையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவன் அடெல்மிர். மீன்பிடிக்கிறவன். வாய் ஓயாது.

"பெட்டிக்குள்ள முன்னாடியே ஓட்டு நிரப்பித்தான் அனுப்புவாங்களாம். போன்ல பார்த்தேன்."

"அந்தப் போன்லதான் நீ போன மாசம் வழுக்கைத் தலைக்கு மருந்து வாங்கினே அண்ணே," என்றாள் அவன் தங்கை ஸுல்மிரா. போலியோவில் கால் சூம்பி, இரண்டு ஊன்றுகோலில் நிற்பவள். நாற்பது வயதாகியும் ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

உள்ளே இவனேய்டி உறையைப் பிரித்தாள். வழியில் ஒரு இடத்தில் ஆட்கள் சறுக்கி, பெட்டி மரக்கட்டையில் இடித்தது நினைவுக்கு வந்தது. மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீல் ஓரம் கிழிந்திருந்தது.

காவலுக்கு வந்த போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "துளி ஓரம்தான் மேடம். நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மேல புதுசு ஒண்ணு ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது. மாத்து மெஷின் பக்கத்து ஊர் வில்லா கார்மோவுல கிடக்கு. அது வர மத்தியானம் தாண்டிரும்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. வெயில் ஏறினால் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரெண்டு வருஷப் பாடு வீணாகிவிடும். இவனேய்டி அந்தக் கிழிசலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்தாள்.

"வழியில இடிச்சு சீல் கிழிஞ்சிருச்சு. உள்ள ஒண்ணும் ஆகலேன்னுதான் நினைக்கிறேன். ஆனா நான் நினைச்சா போதாது. இதுல ஓட்டு நடக்காது. வேற மெஷின் வரணும்."

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல!" அடெல்மிர் குதித்தான்.

"சொன்னீங்க. அதான் நீங்களே போலீஸ்காரரோட போய் அதைக் கொண்டு வாங்க. வழியெல்லாம் கண்ணை எடுக்காம பாருங்க. உங்களைவிட நல்ல காவல் எனக்குக் கிடைக்காது."

அடெல்மிர் ஒரு அடி பின்வாங்கினான். "நானா? எனக்கு வலை விரிக்கிற வேலை இருக்கும்மா."

"வலையா? ஆத்துல தண்ணியே இல்லையே அண்ணே. போயிட்டு வா," என்றாள் ஸுல்மிரா.

அவர்கள் போன பிறகு வெயில் தகித்தது. இவனேய்டி வகுப்பறைகளைத் திறந்துவிட்டு எல்லாரையும் நிழலில் உட்கார வைத்தாள். பெண்கள் பொரித்த மீனும் மரவள்ளி மாவும் கொண்டுவந்து பகிர்ந்தார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். ஸுல்மிராவை முன்னால் வரச் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். "என் இடம் இங்கதான் அக்கா. வரிசையில நிக்கிறதையும் ஒரு தடவை அனுபவிக்கிறேனே."

மத்தியானம் சாய்ந்தபோது சேற்றுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "தள்ளுங்க, தள்ளுங்க! யாரும் தொடாதீங்க!" மாற்று மெஷினை அடெல்மிரே தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தான். இடுப்புவரை சேறு. பின்னால் போலீஸ்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னையே கிட்ட விடல மேடம்!"

அடெல்மிர் சீல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். மெஷினை இயக்கியதும், ஒருவருக்கும் ஓட்டு விழவில்லை என்று காட்டும் சீட்டு வெளியே வந்தது. இவனேய்டி அதை அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒவ்வொரு வேட்பாளர் பெயராக உரக்கப் படித்தான். "பூஜ்யம்… பூஜ்யம்… நம்ம ஆளுக்கும் பூஜ்யமா? சரி, சரி."

போனவர்களும் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்கள். ஓட்டுப்பதிவு முடியும் நேரம் வந்தபோது வரிசை இன்னும் நீளமாகத்தான் இருந்தது. நின்றவர்கள் எல்லாருக்கும் இவனேய்டி எண் போட்ட வில்லை கொடுத்தாள். கையில் வில்லை இருந்தால் எவ்வளவு நேரமானாலும் ஓட்டு உண்டு.

ஸுல்மிரா பலகைச் சரிவில் ஊன்றி ஊன்றி ஏறினாள். யாரும் கை கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தடுப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பொத்தான் கீச்சுன்னு கத்துது," என்று மட்டும் சொன்னாள்.

கடைசி ஆள் போட்டு முடித்ததும் எண்ணிக்கைச் சீட்டைக் கதவில் ஒட்டினார்கள். அடெல்மிர் டார்ச் அடித்துப் படித்தான். அவனுடைய ஆள் இந்த ஊரிலேயே தோற்றிருந்தான்.

"மெஷின் கவுத்தி…" என்று ஆரம்பித்தவன், அதைத் தானே சுமந்து வந்தது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினான்.

"மெஷின் இல்ல, நான்," என்றாள் ஸுல்மிரா. "அவன் மூஞ்சியே எனக்குப் பிடிக்காது."

அடெல்மிர் தங்கையை முறைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு இவனேய்டியிடம் கேட்டான்: "அடுத்த தேர்தலுக்கும் இங்கயே மெஷின் வருமா?"

"ஊரே சேர்ந்து எழுதிக் கேளுங்க. நான் மேலதிகாரிங்ககிட்ட போய் சண்டை போடுறேன்," என்றாள் அவள், சேறு காய்ந்த செருப்பைத் தட்டியபடி.