தண்ணீரிலும் கோடு

எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைப்போம். மற்ற குழாய்களோடு அதுவும் மெஷினுக்குள் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும். துளி டிஎன்ஏ இருந்தாலும் நகல் நகலாகப் பெருகிவிடும். பிறகு ஒவ்வொரு குழாயிலிருந்தும் எடுத்து ஜெல்லில் தனித்தனித் தடமாக ஓடவிட்டால் கோடுகளாகத் தெரியும். கோடுகளின் இடம் ஆளுக்கு ஆள் மாறும். தண்ணீர் வைத்த தடம் மட்டும் காலியாக இருக்க வேண்டும்.

நேற்று ஓட்டிய ஜெல்லை இன்று எடுத்துப் பார்த்தால், தண்ணீர்த் தடத்திலும் கோடு.

அதை ஓட்டியவனைக் கூப்பிட்டேன்; கூட வேலை செய்பவன், ரேடியோ என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். கெட்டிக்காரன்தான், வாய்தான் நிற்காது. படகு கவிழ்ந்து காணாமல் போன பையனுடையதோ என்று ஓர் எலும்புத் துண்டு வந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எச்சில் கொடுத்தவர் அவன் அப்பா, லாரி டிரைவர். நேற்று அவரிடம் "உங்க பையன்தான்" என்று இவன் சொல்லியும் விட்டான்.

"எல்லாக் கோடும் அச்சு அசலா ஒத்துப்போச்சே," என்றான்.

"அதான் கோளாறு. பையனுக்கு அப்பாகிட்டருந்து பாதிதான் வரும். இது முழுக்க அப்பா. எச்சிலைத் தொட்ட கையுறையை மாத்தினியா?"

"அவசரத்துல விட்டுட்டேன்," என்றான். அறையலாம் போல இருந்தது எனக்கு.

மிச்சமிருந்த எலும்புத் தூளை வேறு அறையில் நானே ஓட்டினேன். தண்ணீர்த் தடம் காலி. எலும்பின் தடமும் காலி. ஆற்றில் ஊறிய எலும்பில் ஒன்றும் மிஞ்சவில்லை.

டிரைவர் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரேடியோ தள்ளி நின்றான்.

"நேத்து சொன்னது தப்புங்க. எங்க கவனக்குறைவு. அதுல தெரிஞ்சது உங்க எச்சில்."

"அப்ப அது அவன் இல்லையா?"

"இல்லைன்னும் சொல்ல முடியல, ஆமான்னும் சொல்ல முடியல. தூளும் தீர்ந்துபோச்சு."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே அது வாடியும் போனது.

"அவன் போனதுலருந்து அவன் அம்மா ராத்திரியில கதவைத் தாழ் போடவே விடல. வந்து நிப்பான்னு சொல்லுவா. நேத்துதான் அழுது தீர்த்துட்டு அவளே தாழ் போட்டா."

கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் போயி, திறந்து வைன்னு சொல்லணுமாம்மா?"