பத்தாவது கடிதம்

டெல்லியிலிருந்து உத்தரவு வந்தபோது காலை மணி பதினொன்று. பதினொன்றேகாலுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸில் லட்டு டப்பா திறந்தாகிவிட்டது.

விஷயம் இதுதான். ஒரு வளைகுடா நாட்டுக்கு இங்கிருந்து வாரத்துக்கு இத்தனை சரக்கு விமானம்தான் போகலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி வைத்திருந்ததில் மூன்று மட்டும் மீதி இருந்தது. அந்த மூன்றுக்கு ஒரு பெரிய விமானக் கம்பெனியும், மொத்தமே இரண்டு விமானம் வைத்திருந்த இவர்கள் கம்பெனியும் ஒன்பது மாதமாக மல்லுக்கட்டின. மூன்றும் இவர்களுக்கே வந்துவிட்டது. ஜோதிகா கொண்டுவந்த பத்தாவது கடிதம்தான் மனுவையே தூக்கி நிறுத்தியது என்று மேனேஜர் அழகேசன் எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். ஜோதிகாவுக்கு லட்டு தொண்டையை விட்டு இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? செய்து வைத்த வேலை அப்படி.

விமானம் விட உரிமை கேட்டு மனு போடுகிறவர்கள், இந்த விமானம் எங்களுக்கு வேண்டும் என்று சரக்கு அனுப்புகிறவர்களிடம் எழுதி வாங்கி இணைப்பார்கள். அந்த வேலை ஜோதிகாவுடையது. ஒன்பது கடிதம் வாங்கினாள், ஒன்பதும் சொத்தை. அந்த நாட்டுக்கு ஒரு பெட்டிகூட அனுப்பாதவர்கள், கேட்ட தோஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். பெரிய கம்பெனி விமானத்தில் இன்றைக்கு நிஜமாகவே சரக்கு ஏற்றுகிற ஒருவர், இடம் கிடைக்காமல் திண்டாடுகிறேன் என்று எழுதித் தரவேண்டும். அப்படி ஒருவரை அவளுக்குத் தெரியும். மாங்காடு யூசுப்.

யூசுப் அவளுடைய பள்ளிக்கூடத் தோழி ஷாகிதாவின் கணவர். மாங்காட்டில் ஷெட் எடுத்து, எட்டுப் பெண்களை வைத்து, மல்லிகையைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அடுக்கி அந்த நாட்டுக்கு அனுப்புகிறவர். ஜோதிகா போய்க் கேட்டதும் அவர் தாடையைச் சொறிந்தார்.

"தர்றதுல ஒண்ணும் இல்ல ஜோதி. அந்தப் பெரிய கம்பெனிக்காரங்க கண்ணுல பட்டா நாளைக்கு என் பொட்டிய ஏத்துவாங்களா?"

"டெல்லி ஃபைலை விட்டு வெளிய வராதுண்ணே."

பச்சைப் பொய். அதை நம்பி அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மனுவோடு வைக்கிற ஒவ்வொரு தாளும் நகலாகி எதிர்த்தரப்புக்குப் போகும். அந்த நகலை எடுத்து உறையில் போட்டு ஒட்டி அனுப்பியதே இவள் கைதான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, பாவிக்கு.

பத்து நாளில் பெரிய கம்பெனி ஆரம்பித்தது. முதலில் இடமில்லை என்று நான்கு பெட்டி நின்றது. அப்புறம் பெட்டியில் ஈரம் கசிகிறது, பேக்கிங் சரியில்லை என்று பதினொன்று திரும்பி வந்தது. திரும்பி வருவதற்குள் பூ பழுத்துவிடும், குப்பைக்குத்தான் போகும். ஷாகிதா ஒவ்வொரு முறையும் போனில் புலம்பினாள். ஜோதிகா உச்சுக்கொட்டினாள். காரணம் அவளுக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது. சொன்னால் யூசுப் கடிதத்தைத் திருப்பிக் கேட்பார், கேட்டால் மனு படுத்துவிடும். உத்தரவு வரட்டும், வந்தால் அவர் பூவுக்கும் நல்ல காலம்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஏழு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

இப்போது உத்தரவு வந்துவிட்டது. இனி சொல்லாமல் இருக்க ஒரு சாக்கும் இல்லை. அரைநாள் லீவு போட்டு மாங்காட்டுக்கு பஸ் ஏறினாள்.

ஷெட்டில் யூசுப் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அடுத்த மாதம் நம்ம விமானத்திலேயே பூ போகும் என்று அங்கிருந்த பெண்களிடம் இவளைக் காட்டிப் பெருமை பேசினார். ஜோதிகா சுற்றிப் பார்த்தாள். பெட்டி கட்டுகிற மேஜைக்கு முன்னால் யாரோ ஒரு புதுப்பெண் நின்றிருந்தாள். பதினோரு வருஷமாக அந்த இடத்தில் நிற்கிற வேம்புலியம்மாள் எங்கே என்று கேட்டாள்.

யூசுபின் முகம் சுருங்கிவிட்டது. பேக்கிங் சரியில்லை என்று வாரத்துக்கு வாரம் பெட்டி திரும்பினால் என்ன செய்வது, வயசாகிவிட்டது, கவனம் போய்விட்டது, ஒருநாள் கோபத்தில் எல்லோர் எதிரிலும் நிற்கவைத்துத் திட்டி அனுப்பிவிட்டேன் என்றார். ஒரு மாதம் ஆகிறதாம். ஷாகிதாகூட இதை அவளிடம் சொல்லவில்லை.

ஜோதிகா அங்கேயே ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். நகல் போனது, தெரிந்தே பொய் சொன்னது, ஏழு வாரம் மூடி மறைத்தது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள். நாலு அறை அறைந்தாலும் தேவலை என்று இருந்தது. யூசுப் கத்தவில்லை.

"விஷயத்தச் சொல்லிக் கேட்டிருந்தாலும் கையெழுத்து போட்டிருப்பேன் ஜோதி. எனக்கும் ப்ளேன் வேணும்தானே. பொட்டி திரும்பி வந்தா ஏன் வருதுன்னு தெரிஞ்சிருக்கும். அந்தம்மாவ அப்படிப் பேசியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். "வா. நீயே சொல்லு. நான் கூட நிக்கிறேன்."

வேம்புலியம்மாள் வீடு காட்டுப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது சந்தில் இருந்தது. இப்போது ஒரு அபார்ட்மென்டில் பெருக்கும் வேலை, அப்போதுதான் வந்து மூஞ்சி கழுவிக்கொண்டிருந்தாள். யூசுபைப் பார்த்ததும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வா நைனா, உள்ளே வா என்று வழக்கம்போலத்தான் கூப்பிட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டு அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஜோதிகா ஆரம்பித்தாள். உரிமை, மனு, நகல் என்பதெல்லாம் இந்த அம்மாவுக்கு எதற்கு என்று பாதியிலேயே தோன்றிவிட்டது. விட்டுவிட்டு நேராகச் சொன்னாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் யூசுப் அண்ணன்கிட்ட ஒரு பொய் சொல்லி லெட்டர் வாங்கினேன். அதப் பாத்த கோவத்துலதான் ப்ளேன் கம்பெனிக்காரங்க பொட்டிய ஏத்தாம திருப்பி அனுப்பினாங்க. பேக்கிங்னு சொன்னது சும்மா."

வேம்புலியம்மாள் உள்ளே போய்ச் சமையல் மேடைக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஓரம் உடைந்த பழைய தெர்மாகோல் பெட்டி, நான்கு பக்கமும் டேப் சுற்றியிருந்தது. அவர்கள் எதிரிலேயே டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தாள். உள்ளே கால் கிலோ மல்லி, நேற்றுக் கட்டியது, வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வாரத்துக்கு ரெண்டு தபா கட்டி வெய்யில்ல வெச்சு, மறுநாளு தொறந்து பாத்துகினுகீறேன்மே. ஒரு தபாகூட கெடல. அப்பால அங்க மட்டும் இன்னாத்துக்கு கெட்டுச்சு, நான் எத்த மறந்தேன்னு யோசிச்சு யோசிச்சு தலயே கெட்டுப்போச்சு."

ஜோதிகா கையெடுத்துக் கும்பிட்டாள். கிழவி திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அவளோ இவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, சந்தோஷமாக இருந்தாள்.

"அப்ப நான் கட்டுனது நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள். "இன்னொரு தபா சொல்லு கண்ணு."