ஒரே பேனரில் ஏழு பேர்

நாகவல்லியும் சபீனாவும் சேர்ந்து முதன்முதலாகப் பொய் சொன்னது ஒரு பேனர் கடையில். தனித்தனியாக நிறையவே சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவரும் தைக்கப் போகும் துணிக் கம்பெனியின் சூப்பர்வைசரிடம், லீவுக்காக.

கள்ளிக்குப்பத்தை ஒட்டிய நாவலடித் தெருவில் நாகவல்லி வீடு இந்த முனை, சபீனா வீடு அந்த முனை. முப்பத்தோரு வருடங்களுக்கு முன்பு ஒரு வதந்தி கிளம்பி அந்தத் தெரு இரண்டு நாள் எரிந்தது. ஏழு பேர் செத்தார்கள். இந்த முனையில் நான்கு, அந்த முனையில் மூன்று. வருடா வருடம் அதே தேதியில் இரண்டு முனையிலும் தனித்தனிப் பேனர், தனித்தனி மைக். இந்த மைக்கில் நான்கு பெயர் வாசிப்பார்கள், அந்த மைக்கில் மூன்று. நடுவே புதிதாக முளைத்த அடுக்குமாடிக்காரர்கள் ஏதோ கட்சிக் கூட்டம் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

நாகவல்லியின் அண்ணன் நடேசன் அந்த நால்வரில் ஒருவன். சபீனாவின் அப்பா, அவள் வாயில் அத்தா, தையல்கடை ரஷீத், மூவரில் ஒருவர். கம்பெனியில் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தும் இருவரும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சபீனாதான் ஆரம்பித்தாள்.

"உங்க அண்ணன் வருசா வருசம் பேனர்ல அரைக்கண்ண மூடிக்கினே கீறாருக்கா."

நாகவல்லிக்குப் புரையேறியது. கோபப்படத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. அது ஐடி கார்டு படம், வேறு கிடையாது என்றாள். உங்கத்தா மட்டும் என்ன, போலீஸ் பிடித்து நிறுத்தியது மாதிரிதானே முழிக்கிறார் என்றும் கேட்டுவிட்டாள். தங்கள் செத்தவர்களைக் கேலி பேச இந்த உலகத்தில் வேறு ஆளே இல்லை என்று இருவருக்கும் அன்றைக்குப் புரிந்தது.

இந்த வருடம் அத்தாவுக்கு நல்ல படமாகத் தேடப் போய், சபீனா அம்மாவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துவந்தாள். கடை வாசலில் கழுத்தில் டேப்போடு ரஷீத் சிரிக்கிறார். அவர் கை, பக்கத்தில் நிற்கும் ஒன்பது வயதுப் பெண்ணின் தோளில். அவள் புதுப் பாவாடையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நாகவல்லி சாப்பாட்டை மூடிவிட்டாள். அது எழிலரசி. பச்சையப்பனின் மகள், நால்வரில் சின்னவள். வீடு மொத்தமும் எரிந்ததில் அவளுக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை. பேனரில் அவள் கட்டத்துக்குள் ஒரு விளக்கைத்தான் வரைவார்கள். இந்த முனைக் கூட்டத்துக்குப் பச்சையப்பன்தான் தலைவர். அந்த முனையில் நிற்கும் லாரியில் தண்ணீர்கூடப் பிடிக்காத மனிதர்.

உடனே போய்க் கொடுத்துவிடலாம் என்றாள் சபீனா.

"நேராக் குடுத்தா வாங்கமாட்டாரு. உங்க ஊட்டுதுன்னா கவரக்கூடப் பிரிக்கமாட்டாரு" என்றாள் நாகவல்லி.

பெண்ணை மட்டும் வெட்டிக் கொடுக்கலாமா என்று யோசித்தார்கள். வெட்டினால் தோளில் ஒரு கை மிச்சம் இருக்கும். இருவருக்கும் மனசு வரவில்லை. அப்போதுதான் நாகவல்லியின் முகத்தில், சூப்பர்வைசரிடம் லீவு கேட்கப் போகும்போது வரும் களை வந்தது.

இரண்டு முனைப் பேனரும் அம்பத்தூரில் டில்லிபாபு கடையில்தான் அடிப்பது. எழுத்துப் பிழை பார்க்க அந்தந்த முனை ஆம்பளைகள் இவர்கள் இருவரைத்தான் அனுப்புவார்கள். இருவரும் சேர்ந்தே போனார்கள். ஏழு பேரையும் போடு, இந்த இருவர் படத்தை வெட்டாமல் நடுவில் வை, மற்ற ஐந்து பேர் சுற்றிலும் வயது வரிசையில், இரண்டு பேனரும் ஒன்று போலவே இருக்கட்டும் என்றார்கள். டில்லிபாபு மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"ரெண்டு பார்ட்டியும் ஒத்துக்கினாங்களா யக்கா?"

பச்சையப்பண்ணனே சொல்லி அனுப்பினார் என்றாள் நாகவல்லி. எங்கள் செக்ரட்டரியும்தான் என்றாள் சபீனா. இருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் விழவில்லை. டில்லிபாபு அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் கொடுத்துப் பளபளவென்று ஆக்கினான்.

காலையில் பேனர் கட்டியதும் இந்த முனையில் கூச்சல். நடுவில் எவன் என்று கேட்டுக்கொண்டே பச்சையப்பன் வந்தார். கண்ணாடி இல்லாமலே ரஷீத் என்ற பெயரை மட்டும் படித்துவிட்டார். ஏணி கேட்டார், பிளேடு கேட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டது நாகவல்லி.

மேலே போனவர் பிளேடை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கீழே இருந்தவர்கள் முதலில் கத்தினார்கள், பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். பச்சையப்பன் கட்டைவிரலால் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வெகு நேரம் கழித்துத்தான் இறங்கினார்.

யார் வேலை இது என்றார். பேனர்க்காரன் மாற்றி அடித்துவிட்டான் போல என்றாள் நாகவல்லி. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"பாவாட மஞ்சா. இவன் நீலம் அடிச்சி வச்சிக்கிறான்."

"மஞ்சாவாண்ணே?"

"மஞ்சா, பச்ச பார்டரு. ரஷீத் பாய்தான் தெச்சாரு, பொங்கலுக்கு."

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து முப்பத்தோரு வருடமாகியிருந்தது. யாரும் எதுவும் சொல்வதற்குள் அவர் அந்த முனையை நோக்கி நடந்தார், அங்கேயும் நீலமா என்று பார்க்க.

அந்த முனையில் செக்ரட்டரி முகமது ஆசிக்கைப் பெரியவர்கள் உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஐடியில் வேலை பார்க்கும் பையன், கலவரத்துக்கு அப்புறம் பிறந்தவன். பிளேடோடு பச்சையப்பன் வருவதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவருக்கு அப்போதுதான் தன் கையில் இருப்பது ஞாபகம் வந்தது. அவசரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆசிக் ஒரு நாற்காலியை நகர்த்தினான். அவர் உட்காராமல் அண்ணாந்து பார்த்தார்.

"இங்கியும் நீலம். நெசப் படம் யாராண்ட கீது?"

சபீனா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவரோ அப்போதுதான் உட்கார்ந்து, பாப்பா உங்கள் கடைக்கு அடிக்கடி வருவாளா என்று கேட்டார். தினமும் சாயங்காலம் வருவாள், பொம்மைக்குத் துண்டுத் துணி கேட்பாள், அத்தா நல்ல துணியிலேயே கொஞ்சம் வெட்டிக் கொடுத்து அம்மாவிடம் திட்டு வாங்குவார் என்று சபீனா சொன்னாள். இந்த முனையில் மைக் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இந்த முனையில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த முனையில் ஒருவர் மைக் ஒயரைப் பிடுங்கினார், ஆசிக் மறுபடி சொருகினான். ஆனால் இரண்டு மைக்கிலும் ஏழு பெயர் வாசித்தார்கள், அங்குமிங்கும் உச்சரிப்புத் தப்போடு.

மறுநாள் மத்தியானம் டில்லிபாபு நாகவல்லிக்குப் போன் செய்தான். பச்சையப்பன் காலையிலிருந்து கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். பாவாடைக்குப் பதினாலு மஞ்சள் காட்டியாயிற்று, ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லையாம். வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றான்.

நாகவல்லியும் சபீனாவும் வயிற்று வலி என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனார்கள். சபீனா திரையைப் பார்த்து மூன்றாவது மஞ்சளைக் காட்டினாள். பச்சையப்பன் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா, இன்னும் கொஞ்சம் வெளுப்பு."

இல்லவே இல்லை, அந்தத் துணியை எடுத்துக் கொடுத்ததே நான்தான் என்று சபீனா விடாமல் பேசினாள். அவரும் விடவில்லை. நாகவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, டில்லிபாபுவை டீ சொல்லச் சொன்னாள்.