மிச்சம் பிடித்த டீசல்

பர்மாவின் த்வாண்டே கால்வாய்ப் பாலத்தில் ஏறத் தொடங்கியதுமே வண்டிக்கு மூச்சு வாங்கியது. மஞ்சுளா பின்பக்கக் கட்டிலில், அப்பாவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழைத்தார் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று ஜன்னலை ஒட்டி முந்திப் போனது. தார்களின் மேல் குந்தியிருந்த பெண் கழுத்தைத் திருப்பி இவர்களுடைய வண்டியை வாய் பிளந்து பார்த்தாள். பார்க்கத்தான் செய்வார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ், திரை போட்ட ஜன்னல் என்று ஒரு வீட்டையே சக்கரத்தில் தூக்கி வைத்த மாதிரி வண்டி. ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்ததை, வெள்ளைக்காரப் பயணிகளுக்காக அஜ்மல் பாய் கப்பலில் வரவழைத்தார். பயணிகள் வருவது நின்றதும் சினிமாக்காரர்களும் பகோடா பகோடாவாகப் புத்தரைக் கும்பிடப் போகும் பணக்காரக் குடும்பங்களும் வாடகைக்கு எடுத்தார்கள். ஓட்டுவது மஞ்சுளாவின் புருஷன் தனசேகரன். விரிப்பு மாற்றிக் கழுவித் துடைப்பது மஞ்சுளா. ஆறு வருஷமாகத் துடைத்த கட்டிலில் இன்றைக்குத்தான் முதல்முறையாக உட்காருகிறாள்.

கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. இந்தப் பக்கம் அழுத்தினால் எக்கனாமி, அந்தப் பக்கம் அழுத்தினால் பவர். எக்கனாமியில் கியர் சட்டுச் சட்டென்று மேலே மாறிவிடும், எஞ்சின் சத்தம் காட்டாது, டீசலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் மேட்டைக் கண்டால் கிழட்டு மாடு மாதிரி நின்று யோசிக்கும். பவரில் போட்டால் கியர் மாறாமல் பிடித்துக்கொண்டு உறுமி இழுக்கும். குடிக்கவும் குடிக்கும். டீசலுக்கு ராத்திரியே போய் வரிசையில் நிற்கும் காலம் வந்ததிலிருந்து தனசேகரன் பவர் பக்கத்தைத் தொட்டதில்லை. கை தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாதென்று பொத்தானின் அந்தப் பாதிமேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தான். ஒரு கேலன் டீசலில் யார் எத்தனை மைல் ஓட்டினார்கள் என்று ஷெட்டுக் கரும்பலகையில் வாராவாரம் எழுதுவார்கள். முதல் பெயர் அவனுடையதுதான். மற்ற டிரைவர்கள் அவனை 'கோ எக்கனாமி', அதாவது எக்கனாமி அண்ணன், என்று கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் அவன் முகம் மலர்ந்துவிடும்.

அப்பாவின் மூக்கில் செருகிய குழாய், மேஜைக் காலோடு கட்டிய ஆக்சிஜன் சிலிண்டருக்குப் போனது. மூன்று மாதத்துக்கு முன்பு, காற்று மாறினால் நெஞ்சு தேறும் என்று அண்ணன் அவரை த்வாண்டேயிலிருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். நேற்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பா பேசியது ஒன்றே ஒன்று: "வீட்டுக்கு."

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அம்மா இருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் செத்தபோது உடல் வீட்டுக்கு வரவில்லை. தெருவுக்கு வெளியே உயிர் போனவரின் உடலைத் தெருவுக்குள் கொண்டுவந்தால் தெருவுக்கே ஆகாது என்பது பர்மாக்காரர் வழக்கம். பல சாதி, பல சாமி கலந்து கிடக்கும், அவர்கள் வீடு இருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தில் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். "முப்பது வருசம் வாழ்ந்த வீட்ல அவள ஒரு ராத்திரி படுக்கப் போட முடியல. என்னையாவது வீட்ல வச்சு எடுங்க" என்று அன்றைக்கு அப்பா சொன்னார். அதன்பின் பிள்ளைகளிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

ஆகவே உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் பாய் காலையில் வண்டிச் சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தார். அண்ணன் மில்லில் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

"என்னங்க, அந்தப் பொத்தான அமுக்குங்களேன். வாழைக்கா வண்டியெல்லாம் முந்திட்டுப் போவுது."

"பாலம் எறங்குனா தானா ஓடும் மஞ்சு."

"அப்பா மூச்சு ஒரு மாதிரியா இருக்குங்க."

"பாய் வண்டி இது. ஒங்கப்பன் வண்டியா?" என்றவன், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "கோச்சுக்காத. போயிரலாம்."

பாய் பெயரைச் சொன்னதும் மஞ்சுளா வாயை மூடிக்கொண்டாள். அவர்கள் சாப்பிடும் சோறு அந்தப் பெயரில் இருந்தது. பாலம் இறங்கியதும் அவன் சொன்னபடியே வண்டி ஓடியது. ஓடியது என்றால், காலை பெடலில் இறகு மாதிரி வைத்து, எதிரே தெரியும் சிவப்பு விளக்குக்கு அரை மைல் முன்பே காலை எடுத்து, உருட்டி உருட்டி ஓட்டினான். அது ஒரு வித்தை என்று அவள் முன்பெல்லாம் பெருமைப்பட்டிருக்கிறாள்.

லாய்ங் தாயா பேட்டையைத் தாண்டும்போது அப்பா உதட்டை நனைக்கச் சொல்லி நாக்கை நீட்டினார். மஞ்சுளா எழுந்து வண்டிக்குள்ளிருந்த குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை.

"தொட்டித் தண்ணிய காலையிலயே தொறந்து விட்டுட்டேன். பாரம் கொறையட்டும்னு" என்றான் தனசேகரன், கண்ணாடியில் பார்த்தபடி.

"லைன்ல... காத்து" என்றார் அப்பா. முனிசிபல் தண்ணீர்க் குழாயில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த மனுஷர். சந்தில் எந்த வீட்டுக் குழாய் இருமினாலும், குழந்தை என்ற அவர் பெயருக்கு முன்னால் பெரியவர்களுக்குப் போடும் 'ஊ'வைச் சேர்த்து, 'ஊ குழந்தை'யைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்தது. பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, விரலை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். விரலைக் குழந்தை மாதிரிச் சப்பினார்.

அடுத்த பாலத்திலும் அதே கதை. நகரத்துக்குள் மேம்பாலம் ஏறும்போது பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரனை அடித்துக் கிழித்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, படுத்துத் தூங்கும் வண்டியை எதற்கு ரோட்டில் விடுகிறீர்கள் என்று பர்மியத்தில் கத்திவிட்டு முந்தினான். மஞ்சுளா அவன் சட்டையைப் பார்த்துவைத்தாள். மஞ்சள் சட்டை. மேம்பாலம் இறங்கியதும் அதே பஸ் ரயில்வே கேட்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. இவர்களுடைய மூக்குக்கு நேரே கம்பி இறங்கியது.

கம்பிக்கு அந்தப் பக்கம் சந்து முனை. நூறு எட்டு வைத்தால் வீடு. பக்கத்து வீட்டு மதீனா பீவி நெற்றிமேல் கையை வைத்து வண்டியைத் தேடிக்கொண்டிருப்பது கூடத் தெரிந்தது.

"அப்பா, நம்ம தெரு வந்துருச்சுப்பா. அந்தா, மதீனா அக்கா நிக்கிறாங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, அவளையே பார்த்தார். நகரத்தைச் சுற்றி வரும் வட்ட ரயில் வந்தது. அதற்கு எப்போது அவசரம் இருந்தது? கீரைக் கட்டுகளும் கூடைகளும் வாசலில் தொங்கும் கால்களுமாக, ஒவ்வொரு பெட்டியாக, எண்ணிக்கொள் என்கிற மாதிரி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போனபோது மடியிலிருந்த கால் கனத்திருந்தது.

சிலிண்டரிலிருந்து காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது. தனசேகரன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். அந்த நேரம் பார்த்து ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த போன் அடித்தது. பழக்கத்தில் அவன் விரல் ஸ்பீக்கரை அழுத்தியது.

"டேய் தனசேகரா, வீடு சேந்துட்டியா?" அஜ்மல் பாயின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "இன்னும் இல்லியா? என்னடா பண்ற? காலையிலயே சொன்னேன்ல, பவர்ல போட்டு அழுத்திட்டுப் போ, டீசல் போனா போவுதுன்னு. பெரியவர் எப்படி இருக்காரு?"

"டிராபிக்கு பாய்" என்றான் தனசேகரன். "அப்பறம் பேசறேன்."

கம்பி ஏறியது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் வண்டியை எடுக்கவில்லை.

"பாய் சொன்னாரா?" என்று கேட்டாள் மஞ்சுளா.

"பவர்ல போட்டா வண்டி குலுங்கும். அவருக்கு வலிக்கும்னு நெனச்சேன்."

அவள் பிளாஸ்திரி ஒட்டிய பொத்தானைப் பார்த்தாள்.

"கை அங்க போவ மாட்டேங்குது மஞ்சு. சத்தியமா. பழகிப்போச்சு. தாங்கிருவாருன்னுதான்..." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மூக்குக் கொழாய எடுக்காத. தூங்குறாருன்னு சொல்லு. உள்ள கொண்டுபோய்ப் படுக்க வச்சுட்டு, பொழுது சாய அழுவோம். யாருக்குத் தெரியும்?"

வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது. சந்து முனையில் வார்டுத் தலைவர் ஊ மியிங் லோஞ்சிக் கைலியை இறுக்கிக் கட்டியபடி வந்தார். நல்ல மனுஷர். போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் செத்த தன் சொந்தத் தாயையே தெருவுக்குள் கொண்டுவராமல் சுடுகாட்டில் வைத்து அழுதவர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மாமா எப்படி இருக்கிறார் என்று பர்மியத்தில் கேட்டார்.

ஒரு பொய். ஒரே ஒரு சொல். அப்பா கேட்டது கிடைத்துவிடும். ஊ மியிங்கின் பின்னால் மதீனா பீவியின் பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கடைசிப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. நாளைக்கு அதற்குக் காய்ச்சல் வந்தால்? அடுத்த மாதம் யாராவது மாடிப்படியில் விழுந்தால்? யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு காய்ச்சலின்போதும் அவள் அப்பாவைத்தான் நினைப்பாள். அந்தச் சந்தில் யாருக்கும் அவர் கெடுதலாகிப்போகக் கூடாது.

"போய்விட்டார்" என்றாள் பர்மியத்தில். "கேட்டில் நிற்கும்போது."

ஊ மியிங் தலையைக் குனிந்தார். பிறகு, தெரு எல்லைக்கு வெளியே ரயில்வே மதில் ஓரமாக வண்டியை நிறுத்திக்கொள்ளலாம் என்றும், போலீஸ் கேட்டால் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

மதீனா பீவிதான் முதலில் வந்தாள். மடக்குப் படியின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். "மாமூ, வாசல் வரைக்கும் வந்துட்டீங்களே மாமூ" என்று அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். அவளைப் பார்த்து அடுத்தவர்களும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தார் ரோட்டில் படியைச் சுற்றிச் செருப்புகள் நிறைந்துவிட்டன. பஸ்களும் கார்களும் அவற்றை ஒதுங்கிப் போயின. மூன்று பேர் நிற்கக்கூடிய இடத்தில் ஒன்பது பேர் நின்றார்கள். யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். யாரோ ஜன்னல் திரையை ஒதுக்கி, தெரு தெரியும்படி அப்பாவின் தலையைத் திருப்பி வைத்தார்கள்.

தனசேகரன் டிரைவர் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வந்தான். அவனும் செருப்பைக் கழற்றினான். உள்ளே இடமில்லை. நகர்ந்து கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மஞ்சுளாவும் சொல்லவில்லை. உச்சி வெயிலில் தார் கொதித்துக் கிடந்தது. அவன் ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்தான், பிறகு இதைத் தூக்கி அதன் மேல் வைத்தான். செருப்பு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவன் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. மஞ்சுளா ஜன்னல் வழியாக அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.