ஆள் புதுசு

எனக்கு வாய் நீளம். என்னிடம் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் என் தம்பி இனியனும் அதற்குச் சாட்சி. "பேர்ல மட்டும்தான்க்கா உனக்கு அன்பு," என்பான். அப்படிப்பட்ட அன்புச்செல்வியான நான், போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் படத்திறப்பில் மைக்கைப் பிடித்து ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு இறங்கினேன். துக்கத்தில் நா எழவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். துக்கமாவது மண்ணாவது! அது வெட்கம்.

அப்பா அருணகிரி, சர்வேயர். முப்பத்துநாலு வருஷம் இந்த மாவட்டத்தின் வரப்புகளில் சங்கிலி பிடித்து நடந்தவர். அவர் அளந்து கல் நட்டுவிட்டால் அண்ணன் தம்பிகள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ரிட்டயர் ஆன மறு மாதமே ஒரு இழைப்புளியும் இரண்டு உளியும் வாங்கி வந்து மாடிப்படிக்கு அடியில் மரவேலை ஆரம்பித்தார். ஆசை இருந்தது, கை வரவில்லை. ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்த மனுஷனுக்கு ஒரு ஸ்டூலின் நாலு காலை ஒரே உயரத்துக்கு அறுக்க வரவில்லை. அதில் உட்கார்ந்து காப்பி குடித்தால் பாதி நமக்கு, பாதி சட்டைக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோனோம். அப்பா நாலு மாதம் யாருக்கும் காட்டாமல் வேப்பமரத்தில் ஒரு பெஞ்ச் செய்து, மினி வேனில் ஏற்றி வந்து எங்கள் ஹாலில் போட்டார். புது டைல்ஸ், புது சோபா, நடுவில் அந்தப் பெஞ்ச். வார்னிஷ் திட்டுத் திட்டாக நின்றது. போதாததற்கு ஆட்டம் வேறு.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த எங்கள் ஹெச்.எம். மேடம் சோபாவை எல்லாம் விட்டுவிட்டு நேராக அதில் போய் உட்கார்ந்தார். பெஞ்ச் டக்கென்று சாய்ந்தது.

"அய்யய்யோ! எந்த ஆசாரிம்மா இதைச் செஞ்சான்?"

கூட வந்த டீச்சர்கள் சிரித்தார்கள். அப்பா பக்கத்திலேயே ஜூஸ் தட்டுடன் நின்றிருந்தார். கூச்சமும் சிரிப்புமாக என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார்.

"யாரோ ஒரு ஆசாரி மேடம். நல்லா ஏமாத்திட்டான்," என்றேன்.

சனியன் பிடித்த வாய். அப்பா ஒரு நொடி தட்டைப் பார்த்தார். பிறகு அதை மேடத்தின் பக்கம் நீட்டினார்.

"ஆமாங்க மேடம், ஆள் புதுசு. போகப் போகக் கத்துக்குவான்."

அம்மா அப்போது பின்பக்கம் சமையல்காரர்களோடு இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பா அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன், ஆறு வருஷம் ஓடிவிட்டது. பெஞ்ச் மொட்டைமாடிக்குப் போய்ப் பூந்தொட்டி தாங்கியது. அப்பா வரும்போதெல்லாம் மாடி ஏறிப் பார்த்துவிட்டு, "செடிக்கு நல்லா வெயில் படுது," என்பார். போன வருஷம் ஒரு ஸ்டூல் செய்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டார். "இடம் இல்லப்பா," என்று சொல்லிவிட்டேன். என்ன என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

படத்திறப்பு செங்கம் ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் மாட்டிப் பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். அப்பாவுக்கு மரம் கொடுத்துவந்த மரவாடி அப்துல் பாய் பேச எழுந்தார்.

"சாருக்கு ஆரம்பத்துல வேலை சுத்தமா வராதுங்க. என் மரம் ஜாஸ்தி வீணாப் போனது அவர் கையிலதான்."

மண்டபம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பதினாறு நாளில் முதல் தடவை.

"ஒரு நாள் வந்து, 'பாய், பொண்ணு வீட்டுக்குப் பெஞ்ச் பண்ணேன், ஆடுது. கால் பொருத்தறதைச் சரியாக் கத்துக்கணும்'னாரு. விடுங்க சார், பொண்ணு வீடுதானேன்னேன். 'அதில்ல பாய். வந்தவங்ககிட்ட எல்லாம் எங்கப்பா செஞ்சதுன்னு என் பொண்ணு காட்டிச்சு. ஆடற பெஞ்சையே அவ்ளோ பெருமையாச் சொல்ற பொண்ணுக்கு ஆடாதது ஒண்ணு செஞ்சு தர வேணாமா?'ன்னாரு. அப்புறம் ரெண்டு வருஷம் எங்க ஆசாரி பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டாரு. அதோ, படம் வெச்சிருக்கே, அந்த ஸ்டூலு சார் செஞ்சதுதான். யார் வேணா ஆட்டிப் பாருங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஹெச்.எம். மேடம் மட்டும் தட்டவில்லை. அப்பாவின் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, ரெண்டு வார்த்தை பேசு," என்று இனியன் மைக்கை என் கையில் திணித்தான்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். அப்பா பொய் சொன்னார், என்னைக் காப்பாற்றச் சொன்னார் என்று இத்தனை பேருக்கு முன்னால் போட்டு உடைத்துவிட வேண்டும்.

"அந்தப் பெஞ்ச் எங்க அப்பா செஞ்சது," என்றேன்.

அடுத்த வாக்கியம் நாக்கில்தான் இருந்தது. முன்வரிசையில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பூரித்துப் போய் என்னைப் பார்த்தாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்காக விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே இருந்த நூறு பேர் என்ன நினைப்பார்களோ என்றும்தான் விட்டேன்.

போகும்போது ஹெச்.எம். மேடம் பக்கத்தில் வந்தார்.

"அன்னிக்கு அவர் என் எதிர்லதானே நின்னாரு, செல்வி?"

"ஆமா மேடம்."

"அடக் கடவுளே," என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

ஆட்டோவில் அந்த ஸ்டூலை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னியாமே, எங்கப்பா செஞ்சதுன்னு. எத்தனை வாட்டி சொல்லிச் சொல்லிப் பூரிச்சாரு தெரியுமா? நான்தான் பின்பக்கம் இருந்துட்டேன், கேக்கக் குடுத்து வெக்கல," என்றாள். "இன்னிக்குக் காதாரக் கேட்டுட்டேன்."

"ஆமாம்மா," என்றேன்.