அலுமாரியில் இருபத்தெட்டுச் சோடி

பிள்ளையில்லாத பங்களாவில் ஆயாவுக்கு என்ன வேலை என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் அம்மாக்கண்ணுவைக் கேட்பதுண்டு. "சப்பாத்துதான் புள்ள. அதுகள எழுப்பி, தொடச்சி, திரும்பப் படுக்க வைக்கணும்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவளும் கூடச் சிரித்து வைப்பாள். சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. இலங்கை மலையகத்தில் டிக்கோயாவிலிருந்து இரண்டு மைல் மேலே ஏறினால் வருகிற அந்தத் தோட்டத்துப் பங்களாவில், துரைசாணிக்கு முப்பத்தொரு சோடி சப்பாத்து இருந்தது. அம்மாக்கண்ணுவுக்கு ஒரு சோடிகூட இல்லை, பிறந்த நாளிலிருந்து வெறுங்கால்தான்.

துரைசாணி சீமையிலிருந்து வந்து இறங்கியது 1955இல். வந்த வாரமே துரை மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்வையிட்டு, அம்மாக்கண்ணுவைக் கைகாட்டி, "இவளை பங்களாவுக்கு அனுப்பு" என்று கங்காணியிடம் சொன்னார். வருகிறாயா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து குசினிக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறைதான் அவளுக்குப் படுக்கை. புருஷன் மூக்கன் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கிறான். மூன்று வயதாக இருந்த மகள் அழகம்மாவைப் லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் பேச்சியம்மா பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு லயத்துக்குப் போகலாம், நான்கு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். முதல் வருஷம் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழும். இப்போது அழுவதில்லை. "போய்ட்டு வா" என்று விளையாட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடுகிறாள். அந்த அழாத பிள்ளையை நினைத்துத்தான் அம்மாக்கண்ணுவுக்கு வயிறு எரியும்.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். காம்பரா துரையுடையது, மூக்கனின் வேலை துரையுடையது. வேறொரு தோட்டத்தில் பேர் பதியப் போனாலும் இந்தத் துரை எழுதித் தருகிற சீட்டைக் காட்ட வேண்டும். இதில் யார் போய் முடியாது என்று சொல்வது?

ஆனால் அம்மாக்கண்ணு கெட்டிக்காரி. ஆறே மாதத்தில் சப்பாத்து சாத்திரம் முழுவதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. துரைசாணி ஆங்கிலத்தில் பேர் சொல்வாள், அது நாக்கில் நிற்காது. அதனால் தானே பேர் வைத்தாள். விரல் நுனியும் குதிகாலும் மூடி, மேலே மட்டும் வாயைத் திறந்துகொண்டிருப்பது தோணி. அதிலேயே முன்னால் ஓட்டை வைத்துப் பெருவிரல் எட்டிப் பார்த்தால் ஜன்னல் தோணி. பின்பக்கம் மூடாமல் குதிகாலுக்கு ஒரே ஒரு வார் ஓடினால் பின்வார். குதியும் அடியும் தனித்தனியாக இல்லாமல் ஒரே கட்டையாகச் சரிந்து வந்தால் கட்டைச் சப்பாத்து. பார்க்கக் கனம், தூக்கினால் தக்கை. கயிறு கட்டி, தோல் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளை போட்டிருப்பது நடைக்கு. வெள்ளைக் கன்வஸ் டென்னிசுக்கு. கிளப்பில் ஆடப் போகையில் போடுவது ஆணிக்குதி. அதைப் போட்டு ஆடி ஆடி கிளப்பின் பலகைத் தரையில் பள்ளம் விழுந்துவிட்டதாக டிரைவர் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கண்ணை ஏமாற்றுவது ஒரே ஒரு இடம்தான். வீட்டுக்குள் போடும் மெத்தைச் செருப்பும், கயிறில்லாமல் காலை நுழைத்துக்கொண்டு வெளியில் நடக்கிற மொட்டைச் சப்பாத்தும் மேலுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் குதி கிடையாது, இரண்டும் மெத்தென்ற தோல். கையில் எடுத்து மடக்கிப் பார்க்க வேண்டும். வீட்டுச் செருப்பு அப்பளம் போல இரண்டாக மடிந்துவிடும். வெளிச் சப்பாத்தில் அடித்தோலைச் சுற்றி விளிம்பில் கனத்த தையல் ஓடியிருக்கும், அது மடியாது.

இனி துரைசாணி விஷயம். அவளுக்கு இந்த மலை ஒத்துக்கொள்ளவே இல்லை. வந்த புதிதில் தோட்டத்தை நாலு சுற்றுச் சுற்றினாள். பிறகு பங்களாவை விட்டு இறங்குவது குறைந்தது. பிறகு ஜன்னலோரமே கதியென்று ஆனாள். "அம்மாகன்… மழை. நேத்து மழை. நாளைக்கு மழை" என்பாள். தமிழில் அவளுக்கு நன்றாக வந்த வார்த்தை அதுதான். போன மாதம் ஒரு நாள் கிளம்பி ஹட்டன் ஸ்டேஷன் வரை நடந்தே போய்விட்டாள். துரை காரில் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். கிளப்பில் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாராம். பெண்டாட்டி விட்டுப் போனவன் என்ற பேர் அவருக்கு வேண்டாம். அதற்கு அவள் இங்கேயே கிடந்து வாடினாலும் பரவாயில்லை. பெரிய மனிதர்களின் மானம் அப்படிப்பட்டது.

அந்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துரைசாணி அதைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாக்கண்ணுவிடம் விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அக்கா வந்தா. கொழும்பு. சனிக்கிழமை கப்பல். நான் போ."

கடிதத்தைத் துரையும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. வியாழக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் அம்மாக்கண்ணுவைத் தன் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே சுவரோடு ஒரு அலுமாரி காலி செய்யப்பட்டு, வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"தொரசாணி சப்பாத்து எல்லாம் கொண்டு வா. வெளியே நடக்குறது எல்லாம் இதுல வை. வீட்டுக்குள்ளே போடுறது மட்டும் ரூமுக்குப் போகட்டும்."

அம்மாக்கண்ணுவுக்கு விளங்கிவிட்டது. கதவைப் பூட்டினால் குசினியில் பேச்சு வரும், குசினியில் வந்த பேச்சு கிளப்புக்கு ஏறிவிடும். சப்பாத்தைப் பூட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? கப்பிக் கல் ரோட்டிலும் அட்டை மண்டிக் கிடக்கிற குறுக்குப் பாதையிலும் மெத்தைச் செருப்போடு ஒரு வெள்ளைக்காரி எத்தனை தூரம் போய்விடுவாள்? மனுஷன் நன்றாகத்தான் யோசித்திருந்தார்.

நான்கு நடையில் முப்பத்தொரு சோடியும் வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்தன. துரைசாணி எதிரே இருந்த படுக்கையறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்கு முதலில் இரக்கம்தான் வந்தது. அடுத்து வந்தது வேறொரு நினைப்பு, அதை நான் மறைக்கப்போவதில்லை. துரைசாணி இல்லாத பங்களாவுக்கு ஆயா எதற்கு? இவள் போய்விட்டால் தானும் காம்பராவுக்குப் போய்விடலாம். பிள்ளைக்குத் தலை சீவிவிட்டு, விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகலாம்.

துரைக்குப் பூட்ஸ் தெரிந்தது, டென்னிஸ் சப்பாத்தும் கயிறு கட்டியதும் தெரிந்தன. அவற்றை அவரே காலால் தள்ளி அலுமாரிப் பக்கம் ஒதுக்கினார். அதற்கு மேல் அவருக்கு ஓடவில்லை. ஒவ்வொன்றாக விரலை நீட்டி, "இது?" "இது?" என்று கேட்க ஆரம்பித்தார். தோணி, ஜன்னல் தோணி, பின்வார், கட்டை எல்லாவற்றுக்கும் அவள், "வெளியில போறதுங்க தொரே" என்றாள். அலுமாரி நிரம்பிக்கொண்டு வந்தது.

பட்டுத்துணியில் செய்து, முன்னால் பஞ்சுப் பூ வைத்து, பின்பக்கமே இல்லாத ஒரு குதிச் செருப்பு இருந்தது. துரை அதைத் தானே படுக்கையறைப் பக்கம் தள்ளினார்.

"ஐயோ, அது வேணாங்க தொரே" என்று பாய்ந்து எடுத்தாள் அம்மாக்கண்ணு. "இதப் போட்டுக்கிட்டுத்தான் தொரசாணி அன்னைக்கித் தோட்டத்துல பூப் பறிச்சாங்க. இதுலயும் நடக்கலாங்க."

துரை புருவத்தைத் தூக்கி அவளைப் பார்த்தார். இவள் நம்ம ஆள் என்று அப்போதே முடிவு கட்டியிருப்பார். வாசலில் நின்ற துரைசாணியும் அப்படித்தான் முடிவு கட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் மூன்று சோடி மிஞ்சின. நீலத் துணியில் மெத்தை வைத்துத் தைத்தது ஒன்று, உள்ளே ஆட்டு ரோமம் வைத்த பழுப்பு நிறம் ஒன்று. மூன்றாவதும் பழுப்புத்தான், ஆனால் அது மொட்டைச் சப்பாத்து. போன மாதம் அக்காக்காரி பார்சலில் அனுப்பியது, மழையில் இன்னும் வாசல் தாண்டவில்லை.

"இது மூணும் வீட்டுக்குங்க தொரே."

துரை குனிந்து நீலத்தை எடுத்துப் பார்த்தார், போட்டார். பிறகு மொட்டைச் சப்பாத்தை எடுத்தார். லேசாக ஒரு மடக்கு மடக்கிப் பார்த்தால் போதும், மூக்கன் மூட்டையோடு ரோட்டில் நிற்பான். துரை அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். ஒரு பொட்டு மண் இல்லை. கொழுந்தை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தே தரம் சொல்கிறவர், சப்பாத்தை மடக்கிப் பார்க்க வேண்டும் என்று அறியாதவராக இருந்தார்.

"வெளியே போகல்லே" என்று தாமே தீர்ப்புச் சொல்லிக் கீழே வைத்தார். "சரியா பாத்தியா? ஒண்ணு தப்பினா உன் புருஷனுக்குச் சீட்டுக் கிழிச்சிடும்."

"சரியாத்தாங்க பாத்தேன் தொரே."

இருபத்தெட்டுச் சோடியும் உள்ளே போக, அலுமாரி பூட்டப்பட்டது.

பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டு போனபோது துரைசாணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அம்மாக்கண்ணு தட்டை வைத்துவிட்டு, மொட்டைச் சப்பாத்தை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே நீட்டி இரண்டு கையாலும் மடக்கினாள். அது மடியவில்லை. துரைசாணி எழுந்து உட்கார்ந்தாள், அதைக் கையில் வாங்கித் தானும் மடக்கிப் பார்த்தாள். அவள் கன்னத்தில் நீர் வழிந்தது. அம்மாக்கண்ணு ஜன்னலைக் காட்டி, "காலைல தொர பெரட்டுக்குப் போனதும்… குறுக்குப் பாத… கீழ பஸ்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் துரை பெரட்டுக்கு ஆள் பிரிக்கப் போனார். அவர் கார் வளைவில் மறைந்ததும் துரைசாணி ஒரு கைப்பையும் மழைக்கோட்டுமாகக் குசினி வழியே இறங்கினாள். மொட்டைச் சப்பாத்து ஈர மண்ணில் வழுக்காமல் பிடித்து நடந்தது. அவள் தேயிலைக்குள் நுழைய, தலை மட்டும் தெரிந்து, பிறகு அதுவும் பனியில் மறைந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. போகிற அவசரம் போகிறவளுக்கு.

ஒன்பதரைக்குத் துரை சாப்பிட வந்தார். விஷயத்தை அம்மாக்கண்ணுதான் சொல்ல வேண்டியிருந்தது. "குளிக்கிறாங்கன்னு நெனச்சேங்க. ரூம்ல ஆளக் காணோம். கால்ல வீட்டுச் செருப்புதாங்க."

அவர் போய் அலுமாரியை ஆட்டிப் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. படுக்கையறையில் இரண்டு சோடி மெத்தைச் செருப்பு கிடந்தது, மூன்றாவதைக் காணோம். அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அதுல போனா பாதி வழியில கால் நோவுன்னு உக்காந்திருப்பா" என்று சொல்லி, முட்டையும் ரொட்டியும் சாவகாசமாகச் சாப்பிட்டு, சுருட்டும் பற்றவைத்துக்கொண்டு காரை எடுத்தார். ரோட்டோரமெல்லாம் தேடிக்கொண்டே போனவர் ஹட்டனை எட்டும்போது ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

திரும்பி வந்தவர் அலுமாரியைத் திறந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாக்கண்ணு வாசலில் நின்றாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்த பேச்சை எடுத்தாள்.

"தொரே, தொரசாணி இல்லாதப்போ ஆயா வேல இல்லீங்களே. நாளைக்கு நான் பெரட்டுக்கு வந்திர்றேங்க."

துரை திரும்பவில்லை. "மெத்தைச் செருப்பு போட்டு ஒரு பொம்பளை கப்பல் ஏறுவாளா? கோவம். கொழும்புல நாலு நாள் இருந்துட்டு வந்திடுவா. இத்தனை சப்பாத்து விட்டுட்டு யாராவது போவாங்களா?" என்றார். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் தொடச்சி வை. அவ வர்ற வரைக்கும் நீ இங்கதான்."

துரைசாணி வரமாட்டாள் என்பது அந்தத் தோட்டத்திலேயே அம்மாக்கண்ணு ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். போனது நடக்கிற சப்பாத்தில், நன்றாக யோசித்து, கப்பல் ஏறுவதற்கென்றே போனாள். அதைச் சொன்னால் துரை நம்பிவிடுவார். உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வியும் கேட்பார். அவள் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை கப்பல் போனது. துரையிடம் ஒன்றும் மாறவில்லை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும், "வந்திடுவா" என்றே சொன்னார். கிளப்பிலும் அப்படியே சொல்லியிருப்பார். அம்மாக்கண்ணு தினம் அலுமாரியைத் திறந்து, வேறு வேலையில்லாமல் தோணியையும் பின்வாரையும் துடைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பராவில் அழகம்மாவை மடியில் இழுத்துவைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை திடீரென்று கேட்டது.

"தொரசாணி சீமைக்கே போயிட்டாங்களாம்ல. எல்லாரும் சொல்றாங்க. அப்ப நீ அங்க யாருக்கு வேல செய்யிற?"

மூக்கனும் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் அவள் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

"சப்பாத்துக்குத்தான்டி" என்றாள் அம்மாக்கண்ணு. பிள்ளை அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நான்கு மணியாகப் போகிறது என்று பேச்சியம்மா வாசலிலிருந்து சொன்னாள். அம்மாக்கண்ணு பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்தாள்.