அக்கா இளைக்க வேண்டிய கதை

1

இந்தக் கதை ஒரு மருத்துவரின் வாயில் பிறந்தது. எனக்குச் சிறுநீரகம் தர அக்கா முன்வந்தாள். சோதனைகள் எல்லாம் பொருந்தின. மருத்துவர் ஃபைலை மூடிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நல்லா இளைச்சாத்தான் ஆபரேஷனைப் பத்திப் பேசவே முடியும்," என்றார். அறையை விட்டு வெளியே வருவதற்குள் எனக்கு முதல் வாக்கியம் வந்துவிட்டது.

'ஓர் ஊரில் ஒரு குண்டுப் பெண் இருந்தாள்.'

அடித்துவிட்டேன். அது கதையல்ல, வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து வரும் குரல்.

'அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டில் ஆசை அதிகம்.'

பொய். ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். அவள் பூசணி ஆனாள், நான் ஈர்க்குச்சி ஆனேன். இரண்டு பட்டப்பெயரும் அம்மா வைத்தவை. ஈர்க்குச்சி என்றால் வந்தவர்கள் சிரிப்பார்கள். பூசணி என்றால் சிரித்துவிட்டு அறிவுரையும் சொல்வார்கள்.

'மூன்றே மாதத்தில் அக்கா இளைத்துவிட்டாள்.'

எவ்வளவு சுலபம். ஒரு காற்புள்ளிகூடத் தேவைப்படவில்லை.

2

இந்தப் பாத்திரம் இளைக்குமா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. அக்கா ஓர் அலுவலகக் கேன்டீனில் சமைக்கிறாள். ருசி பார்க்காமல் எதையும் அடுப்பிலிருந்து இறக்கமாட்டாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கால் தொடுவாள், கண்ணை மூடுவாள், பிறகுதான் தலையாட்டுவாள். அந்தச் சொட்டுகளும் சாப்பாடுதான் என்று மருத்துவமனையில் சொன்னதும் ருசி பார்ப்பதை நிறுத்தினாள். போட்ட உப்பையே மறந்து மறுபடி போட்டாள். அன்று மொத்தச் சூப்பும் சாக்கடைக்குப் போனது. 'சமைக்கிறவ குண்டா இருந்தாத்தான் நம்பிச் சாப்பிடலாம்' என்று வருஷக்கணக்காகச் சிரித்துவந்த மேலாளர் அன்று சிரிக்கவில்லையாம். அவரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு அக்கா இதை நடித்துக்காட்டினாள்.

(எழுதுகிறவளுக்கு இது அருமையான காட்சி. எனக்குள் இருக்கும் தங்கை வேறொன்றைக் கேட்டாள்: சரி, எவ்வளவு குறைந்தது?)

* அடிக்குறிப்பு: அக்கா இதற்கு முன்பும் இளைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை, பிள்ளை பெற்ற பிறகு ஒருமுறை, சும்மா வைராக்கியத்துக்கு ஒருமுறை. போன எடை ஒவ்வொரு தடவையும் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. 'வாயைக் கட்டினால் போதும்' என்று சொல்பவர்கள் அடிக்குறிப்புகளைப் படிப்பதில்லை.

3

டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். குடிப்பது வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் டயாலிசிஸுக்குப் படுக்கும் முன்னும் எழுந்த பின்னும் எங்களை எடை பார்ப்பார்கள். எனக்குத் துணைக்கு வரும் அக்காவும் அதே எடை மெஷினில் ஏறி இறங்குவாள்.

"எனக்குத் தண்ணி குடிச்சாலே உடம்பு ஏறுதுடி," என்றாள் ஒருநாள்.

"எனக்கும்தான்க்கா."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"நீ படுத்து எழுந்திரிச்சாலே ரெண்டு கிலோ போயிடுது. என்னையும் ஒரு நாள் அதுல போட்டுவிடச் சொல்லேன்."

[இந்த இடத்தில் கதை கொஞ்சம் இலேசாகிறது. விட்டுவைக்கிறேன். அடுத்து வருவதை எழுதத் தைரியம் வேண்டும்.]

4

அம்மா அவளுக்குச் சின்னத் தட்டும் எனக்குச் சின்னத் தம்ளரும் வைக்கிறாள். எதிரெதிரே உட்காருகிறோம். அம்மா கைகழுவத் திரும்பினால் அக்கா ஓர் ஐஸ் கட்டியை என் பக்கம் தள்ளுவாள். நான் ஒரு ரொட்டித் துண்டை அவள் மடியில் போடுவேன். யோசித்துப் பாருங்கள். என்னைப் பிழைக்கவைக்கப் பட்டினி கிடப்பவளுக்கு நானே திருடிக் கொடுக்கிறேன். எனக்கு ஆகாது என்று தெரிந்தே அவள் தருகிறாள். இதற்குப் பெயர் பாசம் என்று எழுதி, அடித்து, சதி என்று எழுதி, அதையும்

ஒருநாள் ரொட்டித் துண்டு என் தட்டுக்கே திரும்பி வந்தது.

"போதும்டி. நீயே குடுக்குற, அப்புறம் நீயே என் இடுப்பப் பாக்குற. என் மூஞ்சியப் பாத்து எத்தனை நாளாச்சு?"

நான் ரொட்டித் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவளே கேட்டாள்:

"என்னப் பத்தி ஏதோ எழுதுறியாமே. அதுல நான் இளைச்சிட்டேனா?"

"இன்னும் இல்ல."

"அதுலயாவது என்னச் சாப்பிட விடு."

(அக்கா, இந்தப் பக்கத்தில் நீ என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம். ருசி பார்க்க மட்டும் மறந்துவிடாதே.)

5

முடிவு அ: அக்கா இளைக்கிறாள். ஆபரேஷன் நடக்கிறது, இருவரும் நலம். பார்க்க வந்தவர்கள், "மனசு வச்சா முடியாதது உண்டா!" என்கிறார்கள். ஓர் உறுப்பைக் கொடுத்தவளை, கொழுப்பைக் கரைத்ததற்காகப் பாராட்டுகிறார்கள். இந்த முடிவில் நான் பிழைக்கிறேன். அதனாலேயே இதை நம்ப என் கைக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு ஆ: இளைக்கவில்லை. வருகிறவர்கள் முதலில் என் படுக்கையைப் பார்க்கிறார்கள். அடுத்து அவள் தட்டை. அவள் அதன்பிறகு ஒவ்வொரு வாய்ச் சோற்றையும்

இல்லை. இதை எழுதமாட்டேன்.

6

எடை பார்க்க மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் இன்றுதான். எடை மெஷினுக்கு முன்னால் நின்று அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். செருப்பு, வளையல், தோடு, கைக்கடிகாரம், கொண்டை ஊசி. எல்லாம் என் கைக்கு வருகின்றன. கடைசியில் மூக்குக்கண்ணாடி.

"இது எதுக்குக்கா?"

"அதுவும் கனம்தானே. நம்பர் தெரியாமலும் இருக்கும்."

ஏறிவிட்டாள். நர்ஸ் குனிகிறார். இதைப் படிக்கும் நீங்கள் அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறீர்கள், உங்களுக்கு எண் தெரியும். அதைச் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் தீராது. கொஞ்சம் பொறுங்கள். என் இரண்டு கைகளும் அவள் கழற்றிக் கொடுத்தவற்றால் நிறைந்திருக்கின்றன. அவள் மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய சின்னக் குழிகள். இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன். இன்னும் பார்த்து முடிக்கவில்லை.